நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள், மனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை

"சித்தி, எனக்குக் கட்டி இருக்காம்."

இரவு பதினோரு மணிக்கு அக்கா மகள் போனில் சொன்ன முதல் வார்த்தை அது. அன்று காலைதான் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிறுநீரை அடக்கிக்கொண்டு, கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். ரிப்போர்ட்டைப் புரட்டிய மருத்துவர், "நீர்க்கட்டிதான், வெயிட்டைக் குறைம்மா" என்று அவளிடமும், "சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணிருங்க" என்று என் அக்காவிடமும் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடத்தில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்கு 22 வயது. "கேன்சரா சித்தி? கர்ப்பப்பையை எடுத்துடுவாங்களா?" என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். பகல் முழுக்க அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

முதலில், அது கட்டி இல்லை

பிசிஓஎஸ், பிசிஓடி என்றெல்லாம் சொல்லப்படும் இந்தப் பிரச்சினைக்கு நம் ஊரில் வழங்கும் பெயர் நீர்க்கட்டி. பாதி பயத்தை அந்தப் பெயரே கொண்டுவந்துவிடுகிறது. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல முட்டைப் பைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முதிர்ந்து முட்டையை வெளியே விடும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அந்தப் பைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோகின்றன. ஸ்கேனில் சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்களாகத் தெரிவது அவைதான். அறுத்து எடுக்க வேண்டிய கட்டியும் இல்லை, புற்றுநோயும் இல்லை.

1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைன், லெவந்தால் இருவரும் ஏழு பெண்களை வைத்து இதை விவரித்தபோது, கண்ணுக்குத் தெரிந்த சினைப்பையை வைத்தே விளக்கினார்கள். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் இது உடல் முழுவதையும் தொடுகிற ஹார்மோன் கோளாறு. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் கூடுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது. பெயரே ஆளைத் திசைதிருப்புகிறது, மாற்றுங்கள் என்று 2012-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய குழு ஒன்று சொன்னது. தமிழில் "கட்டி" என்ற சொல் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்று பார்த்தவள் என்ற முறையில், அந்தக் குழு சொன்னதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

பத்தில் ஒருவர், அவர்களில் எத்தனை பேர் சோர்ந்திருக்கிறார்கள்

குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு பிசிஓஎஸ் இருக்கிறது. அவர்களுடைய மனநிலை பற்றி பத்து நாடுகளில் நடந்த 30 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் ஒரு கட்டுரை வந்தது. மனச்சோர்வு அறிகுறிகள் இந்தப் பெண்களில் சுமார் 37 சதவீதம் பேருக்கு இருந்தன. பிசிஓஎஸ் இல்லாத பெண்களில் 14 சதவீதம். மனப்பதற்றம் 42 சதவீதம். மற்றவர்களுக்கு 9 சதவீதத்துக்கும் கீழே. குண்டாக இருப்பதால் வரும் கவலை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரே அளவு உடல் எடை உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் வித்தியாசம் அப்படியே இருந்தது.

எனவேதான் 2018-இலும் மறுபடி 2023-இலும் வெளியான சர்வதேச சிகிச்சை வழிகாட்டி, பிசிஓஎஸ் என்று தெரிந்த அன்றே மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்க வேண்டும் என்கிறது. நம் கிளினிக்குகளில் சர்க்கரை பார்க்கிறார்கள், தைராய்டு பார்க்கிறார்கள். தூக்கம் வருதாம்மா என்று கேட்கிற குரல்தான் அபூர்வமாக இருக்கிறது.

கண்ணாடிக்கு முன்னால்

அந்த போனுக்குப் பிறகு அவள் சில நாள் என் வீட்டில் வந்து தங்கினாள். காலை ஐந்தரைக்கு பாத்ரூம் விளக்கு எரியும். நாற்பது நிமிடம் கதவு திறக்காது. ஒரு நாள் கதவு லேசாகத் திறந்திருந்தது. மொபைல் டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தோல் சிவந்து, அங்கங்கே ரத்தப் பொட்டு. என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். அலுவலகத்தில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்றே நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். வேலை அலுப்பை விட அதுதான் அதிக அலுப்பாம்.

முகத்தில் முடி, தாடையோரம் பரு, தலையில் முடி உதிர்தல் எல்லாம் ஆண்ட்ரோஜன் செய்கிற வேலை. கழுத்தின் பின்புறம் படியும் கருமை இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது. "ஒழுங்கா குளிக்கிறியா?" என்று அதையும் ஒரு பெண்ணிடம் கேட்கிற உறவினர்கள் இருக்கிறார்கள். த்ரெட்டிங், வாக்சிங் எதுவும் முடியை அதிகமாக்காது. லேசர் சிகிச்சையும் ஹார்மோன் மாத்திரையும் பலருக்கு நல்ல பலன் தருகின்றன, ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ளுபவர்கள், தினமும் நாற்பது நிமிடம் கதவை மூடிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

சாப்பாட்டுத் தட்டும் கல்யாணப் பேச்சும்

எடையைக் குறைத்தால் மாதவிடாய் சீராகும் என்பது பலருக்கு உண்மைதான். ஐந்து சதவீதம் குறைந்தால்கூட மாற்றம் தெரியலாம். ஆனால் இன்சுலின் கூடுதலாகச் சுரக்கும் உடலில் பசியும் எடையும் சொன்னபடி கேட்பதில்லை. இரண்டாவது இட்லியை எடுக்கும்போதே "உனக்கு எதுக்கு?" என்று ஒரு குரல் வந்தால், அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் பட்டினி கிடந்து, ராத்திரி அடுப்படியில் தனியாக நின்று அள்ளிச் சாப்பிடுவாள். பிறகு குற்ற உணர்ச்சியில் மறுபடி பட்டினி. கட்டுப்பாடின்றிச் சாப்பிடும் கோளாறு பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஒல்லியான பெண்களுக்கும் பிசிஓஎஸ் வரும்; "உனக்கெல்லாம் எங்கே வரப்போகுது" என்று அவர்களை நம்பாமல் விடுவதும் நடக்கிறது.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்று என் அக்காவே சொன்னாள். மறைக்கச் சொல்லும்போது, நீ குறையுள்ளவள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுகிறோம் என்பது அக்காவுக்குத் தோன்றவில்லை. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகிறார்கள். பலர் தானாகவே, சிலர் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளின் உதவியோடு. கல்யாணம் இதற்கு மருந்தும் ஆகாது, அவசரப்படுவதால் ஹார்மோன் திருந்தப்போவதும் இல்லை. குழந்தையே வேண்டாம் என்று நினைக்கிற பெண்ணுக்கும் இதே சிகிச்சையும் அக்கறையும் தேவை.

மாத்திரைகளைப் பற்றி இரண்டு விஷயம்

மாதவிடாயைச் சீராக்கக் கொடுப்பது பெரும்பாலும் கருத்தடை மாத்திரை வகைதான். கல்யாணமாகாத பெண்ணுக்கு அதைக் கடையில் போய் வாங்குவதே ஒரு கூச்சம். சிலருக்கு அதை ஆரம்பித்த பின் மனநிலை தடுமாறும். அப்படியிருந்தால் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார். தானாக நிறுத்த வேண்டாம்.

இன்சுலின் சரியாக வேலை செய்யக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு உடலில் பி12 சத்து குறையலாம். அசதி, மறதி, கை கால் மதமதப்பு, மனம் தொய்வது எல்லாம் அதனாலும் வரும். பலத்த குறட்டையோடு தூங்கி, காலையில் எழும்போதே களைப்பாக இருந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கலாம். இதுவும் பிசிஓஎஸ்ஸோடு சேர்ந்து வருவது. ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்த்துவிட வேண்டும். சோம்பேறி என்று வீட்டில் பட்டம் வாங்கிய எத்தனை பெண்களுக்கு இவற்றில் ஒன்றாவது இருந்திருக்கும்!

எப்போது உதவி கேட்பது

இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாள் மனம் தொய்ந்து கிடந்ததா? முன்பு பிடித்த வேலைகளில் இப்போது ஆசையில்லையா? ஏதேனும் ஒன்றுக்கு ஆமாம் என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மாத்திரை, வாரத்தில் 150 நிமிடம் வேர்க்க வேர்க்க நடப்பது எல்லாம் பலன் தரும். மனநல மாத்திரைகளில் சில எடையைக் கூட்டும் என்பதால், பிசிஓஎஸ் இருப்பதை மனநல மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செத்துப்போகலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் 1926. அழைக்கத் தெம்பில்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டின் பின்பக்கம்

ஒன்றரை வருடம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனோம். கிளம்பும் முன் அவளை உட்கார வைத்து, ரிப்போர்ட்டின் பின்பக்கம் நான்கு வரி எழுதச் சொன்னேன், உள்ளே போனால் வாய் வராது என்று அவளே சொல்லியிருந்ததால். கடைசியாக மாதவிடாய் வந்த தேதி. மெட்ஃபார்மின் ஒன்றரை வருடம். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு. நான்காவது வரியை எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள்: சில நாள் காரணமில்லாமல் அழுகிறேன்.

மருத்துவர் தாளைத் திருப்பிப் படித்தார். என்னையும் அக்காவையும் பத்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னார். பத்து இருபத்தைந்தானது. வெளியே வந்தவள் கையில் பி12 பரிசோதனைக்கு ஒரு சீட்டும், கீழ்த்தளத்தில் இருந்த மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டும் இருந்தன. அக்கா இரண்டாவது சீட்டை வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கீழே எத்தனை மணி வரைக்கும் பாப்பாங்க?" என்று நர்ஸிடம் கேட்டாள்.