கம்பியை இறுக்கினால் பல் கெதியாக நேராகுமா?

பல்லுக்குக் கம்பி போட்ட பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. சொறிக்கல்முனையில் வீட்டுத் தரிசிப்புக்குப் போனபோது ஒரு தாய் என்னிடம் நேராகவே கேட்டார்: “மிஸ், மகளுக்குக் கலியாணம் பேசி வருது. டொக்டரிட்டச் சொல்லிக் கம்பியக் கொஞ்சம் இறுக்கினா கெதியா முடியுந்தானே?” பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு மாதாமாதம் பஸ் ஏறிக் களைத்தவரின் கேள்வி. நியாயமானதுதான். ஆனால் முடியாது.

பல், பலகையில் அடித்த ஆணி போல நிற்பதில்லை. மெல்லிய நார்களால் தாடை எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. கம்பி மெதுவாகத் தள்ளும்போது ஒரு பக்கத்தில் எலும்பு கரைகிறது, மறுபக்கத்தில் புதிதாக வளர்கிறது. அளவுக்கு மீறி அழுத்தினால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பல் நகர்வதே நின்றுபோகும். வேர் கரைந்து கட்டையாகவும் கூடும். மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் பல்லின் நடை.

அதனாலேயே முதலில் மெல்லிய கம்பி. உருண்டைக் கம்பியின் பருமன் இருமடங்கானால் விறைப்பு 16 மடங்காகும். 0.014 அங்குலக் கம்பிக்கும் 0.018 அங்குலக் கம்பிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விறைப்போ இரண்டரை மடங்குக்கும் மேல்.

உலோகமும் முக்கியம். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை அதிகம் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். நிக்கலும் டைட்டேனியமும் கலந்த கம்பி எவ்வளவு வளைந்தாலும் பழைய வடிவுக்குத் திரும்பப் பார்க்கும். திரும்பும் வழியெல்லாம் மெதுவாகவே தள்ளும். அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் ஏவுகணை மூக்குக்கென்று தேடிய உலோகம் இது! 1970களின் ஆரம்பத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் அன்றியசன் இதைப் பற்களுக்குக் கொண்டுவந்தார். பற்கள் வரிசைக்கு வந்த பிறகே விறைப்பான உருக்குக் கம்பியின் முறை.

சகோதரிகளே, போலி நகை போட்டால் காது அரிக்கிறதா? அது பெரும்பாலும் நிக்கல் ஒவ்வாமை. இந்தக் கலப்புக் கம்பியில் ஏறக்குறையப் பாதி நிக்கல். உருக்குக் கம்பியில் ஏறத்தாழ 8 வீதம். வாய்க்குள் ஒவ்வாமை வருவது அரிது என்றாலும், கம்பி போடுமுன் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். நிக்கல் இல்லாத கம்பிகளும் உண்டு.

கம்பி மாற்றி இரண்டு மூன்று நாள் நோவு இருக்கும். சோற்றைக் குழைத்துக் கொடுங்கள். கம்பி நுனி கன்னத்தில் குத்தினால் வீட்டுக் குறட்டால் வெட்ட வேண்டாம், கிளினிக்கில் காட்டுங்கள். முறுக்கும் எலும்பும் கடித்தால் கம்பி வளையும், பல்லில் ஒட்டிய துண்டு கழரும். சிகிச்சையை மாதக்கணக்கில் இழுப்பது இதுதான். கழற்றிய பிறகும் பற்கள் பழைய இடத்துக்கு ஓடப் பார்க்கும். அதற்காகத் தரும் ரிடெய்னர் தகட்டை, மணமகளாகப் போன வீட்டிலும், வைத்தியர் சொன்ன காலம்வரை போட வேண்டும்.