‘இனம்’ என்ற ஒரு கட்டம்



மேற்படிப்புப் பாரம் நிரப்பும்போது நம்மில் பலர் யோசிக்காமலே தாண்டிப் போகும் கட்டம் ஒன்று உண்டு. ‘இந்தியர்’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால் அப்பா ஓர் இனம், அம்மா வேறோர் இனம் என்று பிறந்தவருக்கு அங்கேதான் பேனா நிற்கும்.

“எதைப் போட்டா என்னப்பா?” என்று கேட்கிறீர்களா? மலேசியாவில் அது சின்ன விஷயம் அல்ல. கூட்டரசு அரசியலமைப்பின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் கல்வி இடங்களிலும் உபகாரச் சம்பளத்திலும் ஒதுக்கீட்டுக்கு வழிசெய்கிறது. மெட்ரிகுலேஷனில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, மற்றவர்களுக்கு 10. 2019-இல் இடங்கள் 25,000-லிருந்து 40,000 ஆனபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை.

சரி, கலப்புப் பிள்ளைகள் எந்தப் பக்கம்? உயர்கல்வி விண்ணப்பக் கையேடுகளில் பல ஆண்டுகளாக அச்சான விதி, ஊருக்கு ஊர் வேறு:

தீபகற்பத்தில், பெற்றோரில் ஒருவர் மலாய் முஸ்லிமாகவோ ஒராங் அஸ்லியாகவோ இருந்தால் போதும்.

சபாவில், அப்பா பூர்வகுடியாக இருக்க வேண்டும்.

சரவாக்கில், அப்பா, அம்மா இருவருமே பூர்வகுடியாக இருக்க வேண்டியிருந்தது.

என் அறைத்தோழனையே எடுத்துக்கொள்ளுங்கள். சபாவில் பிறந்தவன், அப்பா தமிழர், அம்மா கடசான். அரசியலமைப்பின் 161ஏ பிரிவோ, சபா பூர்வகுடி ஒருவரின் பிள்ளை அல்லது பேரப்பிள்ளையாக, அங்கே பிறந்த குடிமகனாக இருந்தால் போதும் என்கிறது. அப்பா வழிதான் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆக, சட்டப் புத்தகத்தில் அவன் பூர்வகுடி, கையேட்டில் இல்லை! “பாட்டி வீட்டுக்குப் போனா நான் கடசான், பாரத்துல மட்டும் இல்லையாடா?” என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரவாக்கில் இது பெரிய பிரச்சினையாகவே வெடித்தது. 2009-இல், ஈபான் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த நல்ல தேர்ச்சி பெற்ற மாணவி ஒருவருக்கு, பூமிபுத்ரா அல்ல என்று மெட்ரிகுலேஷன் இடம் மறுக்கப்பட்டது. ஊரே கொதித்த பிறகுதான் இடம் கிடைத்தது. காரணம், ‘முழுக்க முழுக்கப் பூர்வகுடி இரத்தம்’ என்ற அரசியலமைப்பு வாசகம். 2021 டிசம்பரில் அந்த வாசகம் திருத்தப்பட்டது. 2022-இல் சரவாக் சட்டமன்றம், பெற்றோரில் ஒருவர் பூர்வகுடியாக இருந்தாலே போதும் என்று சட்டம் செய்தது. ஒரு வரியை மாற்ற இத்தனை வருடம்!

இதைப் படித்துவிட்டு, “எங்க பூட்டி கூட மலாய்க்காரங்கதான், நானும் போடலாமா?” என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வாய்ச்சொல் செல்லாது. பிறப்புப் பத்திரத்தில் அப்பா, அம்மா இருவரின் இனமும் இருக்கிறது. பொய் சொல்லி வாங்கிய இடம் பாதியில் பறிபோனால் போனதுதான்.

உண்மையிலேயே கலப்பில் பிறந்தவர்கள் மட்டும் வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. பெற்றோரின் பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பூர்வகுடி என்பதற்கான சான்று எல்லாவற்றையும் எஸ்.பி.எம். முடிவதற்குள் சேர்த்து வையுங்கள். அந்தந்த ஆண்டின் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.

10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என 2024 ஜூனில் பிரதமர் அறிவித்தார். அந்தக் கதவு திறந்தது நல்லதே. ஆனால் 7ஏ, 8ஏ எடுத்த பிள்ளைக்கு இன்னமும் அந்தக் கட்டம்தான் கதவு. அதனால்தான் தோழர்களே, அதைப் புரிந்துகொண்டு நிரப்புவோம். நம் தம்பி தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம்.