பேனாவை யாரிடம் கொடுப்பது?

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சம்மதப் படிவத்தோடு வார்டில் சுற்றுவது என்னைப் போன்ற நர்ஸுகளுக்குப் பழகிய வேலை. "சிஸ்டர், அம்மாவுக்கு ஒண்ணும் புரியாது, நானே போட்டுடறேன்" என்று மகன் பேனாவுக்குக் கை நீட்டுவார். கொடுக்க மாட்டேன். "உங்களுக்கு என்ன ஆபரேஷன்னு டாக்டர் சொன்னாரும்மா?" என்று கட்டிலில் இருப்பவரைக் கேட்பேன். விழித்தால், டாக்டர் வந்து மறுபடி விளக்கிய பிறகே கையெழுத்து, இல்லையேல் கைநாட்டு. விளக்க வேண்டியவர் டாக்டர், நர்ஸ் சாட்சிதான்.

1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண்ணொருவர் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து ஏதுமில்லை. நினைவு திரும்பியதும் அவரையே கேட்டிருக்கலாமே! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, வயதுவந்த மகளுக்காகத் தாய் சம்மதிக்கவும் முடியாது என்று 2008-ல் தீர்ப்பு வந்தது. டாக்டருக்கு ஃபீஸ் இல்லை. நோயாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு. தொகை என்னவோ சொற்பம்தான்.

உயிர் போகிற அவசரத்தில் மட்டும் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, கேஸ் ஷீட். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள். வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள், எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு சீல் வாங்குங்கள்.