வறிய நாடுகளில் தாதியர் வேலை: ஊதியம் உண்டா?

தாதிமைப் பயிற்சி பெற்ற மகள் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறேன்" என்று சொன்னால் தோட்டத்துப் பெற்றோர் திகைப்பது இயல்பே. அங்கே சம்பளம் தருவார்களா, தொண்டு என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிடுவார்களா என்பதே அவர்களின் முதற்கேள்வியாக இருக்கும். அவர்களது அறியாமையைப் பயன்படுத்திக்கொள்ளும் தரகர்களும் உண்டு. நகையை அடகு வைக்கும் முன்னர் விவரம் அறிந்துகொள்வது நலம்.

ஊதியம் உண்டு. 1971ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தொடங்கப்பெற்ற 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் அமைப்பு, பெயரில் மருத்துவரை மட்டும் கூறினாலும், தாதியரையும் மருத்துவிச்சிகளையும் பணிக்கு அமர்த்துகிறது. மாதச் சம்பளத்தோடு விமானச் செலவு, தங்குமிடம், காப்புறுதி ஆகியவற்றையும் ஏற்றுக்கொள்கிறது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் தொண்டர் திட்டம் 1970ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. அது தருவது சம்பளமன்று; வாழ்க்கைச் செலவுக்கான மாதப்படி. இவ்விரண்டையும் வளைகுடா நாட்டுப் பெரிய மருத்துவமனைகளின் சம்பளத்தோடு ஒப்பிடலாகாது. வீடு கட்டப் பணம் சேர்க்க விரும்புவோருக்கு இது ஏற்ற வழியன்று.

பயிற்சி முடித்த கையோடு இவ்வேலை கிடைப்பதும் அரிது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பொதுவாகக் குறைந்தது ஈராண்டு அனுபவம் கேட்கிறது. அதற்குத் தக்க காரணம் உண்டு. அங்குப் பணிபுரியும் தாதியருள் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவரே. ஊசி போடவும் புண் கட்டவும் அவர்களுக்கு நன்கு தெரியும். வெளியிலிருந்து செல்பவரோ அவர்களுக்குப் பயிற்சியளிக்க வேண்டும்; மருந்து இருப்பைக் கணக்கிட வேண்டும்; ஒரு பிரிவு முழுவதையும் மேற்பார்வையிட வேண்டும்.

ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளின் பிரிவை எடுத்துக்கொள்வோம். 6 மாதத்துக்கு மேற்பட்ட, 5 வயது நிரம்பாத குழந்தையின் மேற்கையை வண்ண நாடாவால் அளப்பார்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நாடா சிவப்பைக் காட்டும். கடுமையான ஊட்டக்குறைவு என்று பொருள். வேறு நோய்ச்சிக்கல் இன்றி, பசியோடு உண்ணும் குழந்தைக்கு நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய் சேர்ந்த பசையைக் கொடுத்து வீட்டுக்கே அனுப்பலாம். உண்ண மறுக்கும் குழந்தையைப் படுக்கையில் சேர்த்தாக வேண்டும். தாய்மார் வரிசையாகக் காத்திருக்க, இம்முடிவுகளை நாள்தோறும் எடுக்கவும், எடுக்கப் பிறருக்குக் கற்பிக்கவும் வேண்டும். பழைய தோட்டங்களில் டிரெசர் ஒருவரே மருந்தகம் முழுவதையும் தாங்கியதை மூத்தோர் அறிவர். ஏறக்குறைய அத்தகைய பொறுப்புத்தான் இது.

ஆதலால் முதலில் இங்கேயே குழந்தைப் பிரிவிலோ, பிரசவப் பிரிவிலோ, அவசரச் சிகிச்சைப் பிரிவிலோ பணியாற்றுவது நன்று. மலேசிய தாதியர் வாரியத்தில் பதிவும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணிச் சான்றிதழும் இருத்தல் வேண்டும். அரசாங்கச் செலவில் பயின்றோர் ஒப்பந்த காலத்தை முடித்தபின்னரே வெளிநாட்டை எண்ணலாம். ஆங்கிலம் இன்றியமையாதது. பிரெஞ்சு மொழியும் தெரிந்தால் கொங்கோ, சாட், நைஜர் முதலிய நாடுகளுக்கும் வழி திறக்கும்.

இனி, தரகரைப் பற்றி. மேற்கூறிய இரு அமைப்புகளும் விண்ணப்பிப்போரிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. அவற்றின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரரே. தனியார் முகவர் வழியாக வேறு மருத்துவமனைக்குச் செல்வதாயின், தனியார் வேலைவாய்ப்பு முகவர்களுக்கான 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. உரிமம் உண்மையானதா என்பதைத் தொழிலாளர் இலாகாவில் விசாரித்துக்கொள்ளலாம். "சுற்றுப்பயணியாகப் போங்கள், வேலை அனுமதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறுபவரிடம் கடப்பிதழையோ மூலச் சான்றிதழ்களையோ ஒப்படைக்கலாகாது.

வேலை உறுதியானபின் மறக்கக்கூடாத ஒன்று, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அதற்கான அட்டையின்றி உள்ளே விடமாட்டார்கள். அந்நோயுள்ள நாட்டிலிருந்து திரும்பும்போது நம் நாட்டு அதிகாரிகளும் அதைக் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்னரே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முன்பு 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டு முதல் ஒருமுறை போட்ட ஊசியே வாழ்நாள் முழுவதற்கும் செல்லும்.