உங்களுக்குத் தெரியுமா? நிவாரணக் காசோலையில் அதிபர் பெயர்!

2020 ஏப்ரலில் அமெரிக்க அரசு கொரோனா நிவாரணமாக அனுப்பிய காகிதக் காசோலைகளில் ‘அதிபர் டொனால்ட் ஜே. டிரம்ப்’ என்று அச்சாகியிருந்தது. அந்நாட்டு வருமான வரித்துறை வழங்கும் காசோலையில் ஓர் அதிபரின் பெயர் இடம்பெற்றது அதுவே முதல்முறை. அதே ஆண்டு நவம்பரில் அதிபர் தேர்தல்!

• அரசுக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் அதிபருக்கு இல்லை. அது அதிகாரிகளின் வேலை. அதனால் கையெழுத்துக்கான இடத்தை விட்டுவிட்டு, குறிப்பு எழுதும் வரியில் பெயரைச் சேர்த்தார்கள். வங்கிக் கணக்கில் நேரடியாகப் பணம் பெற்றவர்களும் தப்பவில்லை. அவர்களுக்கு டிரம்ப் கையெழுத்துடன் கடிதம் போனது.

• பெரியவர்களுக்குத் தலா 1,200 டாலர், குழந்தைகளுக்கு 500. இதற்கான சட்டம் செனட்டில் 96-0 என நிறைவேறியது. எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லை.

• அவசரத்தில் இறந்தவர்களுக்கும் பணம் போனது. ஏப்ரல் 30 வரை மட்டும் சுமார் 11 லட்சம் பேர் பெயரில், ஏறக்குறைய 140 கோடி டாலர்.

• 2021 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த அமெரிக்க செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சி ‘2,000 டாலர்’ என்று முழங்கி இரண்டு இடங்களையும் பிடித்தது. வந்ததோ 1,400. இடையில் வந்த இன்னொரு சட்டத்தில் கொடுத்த 600-ஐயும் சேர்த்துத்தான் கணக்காம்! அந்த 1,400 டாலர் காசோலைகளில், அடுத்து அதிபரான அக்கட்சியின் பைடன் பெயர் இல்லை. ஆனால் அவர் கையெழுத்திட்ட கடிதம் மட்டும் தவறாமல் வீடு தேடி வந்தது.