உவர் வயலுக்கு விதைநெல்லைப் பதப்படுத்தல்

பாலமுனை போன்ற கடலோரக் கிராமங்களின் தாழ்ந்த வயல்களில் உவர் ஏறினால், நெல் நன்றாய் முளைத்த பின்னரும் இலைநுனி வெளுத்துப் பயிர் திட்டுத்திட்டாக மடியும். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும்; இளம்பயிர்ப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலுமே தாங்கமாட்டாது. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோர வயல்களிற் கடல்நீரைப் புகுத்தியபோது இத்தொல்லை பெரிதாயிற்று.

உப்பு இருவகையில் தீங்கு செய்கிறது. மண்ணில் நீர் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது போகும். அன்றியும், பொற்றாசியம் செல்லவேண்டிய இடத்திற் சோடியம் புகுந்துவிடும். கல்சியம் வேரின் உயிரணுச் சவ்வை உறுதியாக வைத்துச் சோடியத்தின் நுழைவைக் குறைக்கிறது. ஆகவே விதைக்குமுன்பே கல்சியத்தை ஊட்டும் முறை பாக்கிஸ்தானிற் கோதுமையில் ஆராயப்பட்டு நற்பயன் தந்தது. கோதுமையோ இயல்பாகவே நெல்லைவிட உவரைத் தாங்குவது. நெல்லுக்கே இத்துணை கூடுதலாக வேண்டும்.

10 லீற்றர் நல்ல நீரில் 100 கிராம் கல்சியம் குளோரைட்டைக் கரைக்கவேண்டும். கரைக்கையில் நீர் சூடேறும். ஆறிய பின்னரே விதையை இடவேண்டும். உலோகப் பாத்திரம் அரிக்கப்படுமாதலால் மண் அல்லது பிளாத்திக்குப் பாத்திரமே ஏற்றது. விதை 12 மணித்தியாலம் மூழ்கியிருந்த பின், நீரை வடித்து நிழலிற் பரப்பி, முன்னிருந்த அளவுக்கு உலர்த்தவேண்டும். முளை வெளிவந்த விதையை உலர்த்தினால் அது செத்துவிடும். இதிலேதான் பலர் தவறுவர். உலர்ந்த விதை புழுதி விதைப்புக்கு அப்படியே உதவும். சேற்று விதைப்பாயின் வழக்கம்போல் மீண்டும் ஊறவைத்து முளைகட்டலாம்.

இம்மருந்து மண்ணின் உப்பை நீக்காது. பெரும்போக மழைநீரை வரம்புகட்டித் தேக்கி, பின் வடித்துவிட்டாலே உப்புக் கழுவப்படும். அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனத்தோடு சேர்த்துச் செய்வது இன்னும் நன்று. வெங்காயம், மிளகாய் ஆகியன நெல்லினும் மென்மையானவை. உவர் மிகுந்த துண்டில் அவற்றை நடாதிருத்தலே இலாபம்.

முதற் போகத்தில் வயல் முழுவதற்கும் செய்யவேண்டியதில்லை. ஒரு பாத்தியில் பதப்படுத்திய விதையையும், அடுத்த பாத்தியில் வெறும் நீரில் ஊறவைத்து உலர்த்திய விதையையும் ஒரேநாளில் விதைத்து, இருபதாம் நாள் சதுர அடிக்கு எத்தனை பயிர் உயிரோடு நிற்கின்றன என எண்ணிப் பார்க்கவேண்டும். வெறும் நீரே சிறிது பயன் தருமாதலால், மருந்துக்குச் செலவிடுவது தகுமோ என்பது இக்கணக்கில் தெரியவரும்.