அச்சாரப் பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

மாட்டுச் சந்தையில் பேரம் முடிந்தால் கயிறும் பணமும் ஒரே நேரத்தில் கை மாறிவிடும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசியவர்கள் பொழுது சாய்வதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். நிலம் அப்படியல்ல. அச்சாரம் கொடுத்த நாளுக்கும், சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகும் நாளுக்கும் இடையே இரண்டு மாதம், மூன்று மாதம் ஓடிவிடுகிறது. சில சமயம் ஆறு மாதமும் ஆகிறது.

இந்த இடைவெளியில்தான் தகராறு முளைக்கிறது. வாங்குபவர் பணத்தைக் கொடுத்துவிட்டார். நிலம் இன்னும் வரவில்லை. அல்லது விற்பவர் தாய்ப்பத்திரத்தைக் கொடுத்துவிட்டார். பணம் இன்னும் வரவில்லை. முதலில் கை நீட்டியவர் மற்றவரின் தயவை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாகிறது. பல வருஷம் வெள்ளாமை செய்து சேர்த்த பணமும், பாட்டன் காலத்து நிலமும் இப்படி நிற்கும்போது வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு பழைய வழி உண்டு. பணத்தையும் பத்திரத்தையும் இருவருக்கும் பொதுவான மூன்றாவது மனிதரிடம் ஒப்படைத்து, இன்ன காரியம் முடிந்தால் இன்னாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைப்பதே அந்த வழி. இதற்குச் சட்டத்தில் வழங்கும் பெயர் ‘எஸ்க்ரோ’.

எஸ்க்ரோ என்றால் என்ன?

இந்தச் சொல்லுக்கு மூலம் பழைய பிரெஞ்சு மொழியில் ஓலைச்சுருள் போன்ற பத்திரச் சுருளைக் குறிக்கும் சொல். இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு பத்திரம் செல்லுபடியாக, கையெழுத்திட்டு அதை ஒப்படைக்கவும் வேண்டும். கையெழுத்திட்ட பத்திரத்தை எதிராளியிடம் கொடுக்காமல், ஒரு நிபந்தனையோடு மூன்றாமவரிடம் கொடுத்து வைத்தால் அது எஸ்க்ரோ. நிபந்தனை நிறைவேறும் வரை அந்தப் பத்திரத்துக்கு உயிர் இல்லை. அதே சமயம் கொடுத்தவர் நினைத்தபோது திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியாது. பிற்காலத்தில் இந்த முறை பணத்துக்கும் பரவியது. இன்று பெரிய கம்பெனிகளுக்குள் நடக்கும் விற்பனைகளில் வங்கியே பொறுப்பாளராக இருந்து ‘எஸ்க்ரோ கணக்கு’ நடத்துகிறது.

சிறு விவசாயிக்கும் இது பயன்படும். ஆனால் இங்கிலாந்து முறையை அப்படியே இங்கே பின்பற்றினால் ஆபத்து.

கையெழுத்திட்ட கிரயப் பத்திரத்தைப் பூட்டி வைக்கலாமா?

“கிரயப் பத்திரத்தில் இப்போதே கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுங்கள், பாக்கிப் பணம் வந்ததும் பதிவு செய்துகொள்ளலாம்” என்று தரகர் சொன்னால் விவசாயிகள் உஷாராக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டப்படி, ரூ.100-ம் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவான பத்திரத்தின் மூலமே செல்லும். பத்திரம் யார் பெட்டியில் இருந்தாலும், பதிவாகாதவரை நிலத்தின் உரிமை மாறாது. மேலும் 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டப்படி, கையெழுத்திட்ட நாளிலிருந்து 4 மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் அபராதத்துடன் மேலும் 4 மாதம் வரை இடம் உண்டு. அதற்குப் பிறகு அந்தக் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்ய வழியில்லை. பதிவு நாளில் விற்றவர் நேரிலோ, முறையான அதிகாரம் பெற்றவர் மூலமோ வந்து ஒப்புக்கொள்ளவும் வேண்டும். மனம் மாறி வர மறுத்தால் அலைச்சல்தான்.

ஆகவே பொறுப்பாளரிடம் வைக்கத் தகுந்தவை இரண்டு: ஒன்று பணம், மற்றொன்று மூலப் பத்திரங்கள். கையெழுத்திட்ட கிரயப் பத்திரம், வெற்று முத்திரைத்தாள், பொது அதிகாரப் பத்திரம் ஆகியவற்றை யாரிடமும் கொடுத்து வைக்கலாகாது. பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் நிலத்தை விற்றதாகக் காட்டுவது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருக்கிறது.

ஓர் உதாரணம்

ஒருவருக்கு 2 ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பேசிய விலை ரூ.24 லட்சம். நிலம் வங்கியில் அடமானம். கடன் பாக்கி ரூ.6 லட்சம், தாய்ப்பத்திரமும் வங்கியில் இருக்கிறது. விற்பவர், “பணம் கொடுத்தால்தான் கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்க முடியும்” என்கிறார். வாங்குபவர், “பத்திரத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பணம் கொடுப்பேன்” என்கிறார். இருவர் சொல்வதும் நியாயமே. இந்த முடிச்சைக் கீழ்க்கண்டவாறு அவிழ்க்கலாம்.

முதலில் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் நிலக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவானால் ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறும். அதே நிலத்தை வேறொருவருக்கு விற்க முயன்றால் அவருக்கும் தெரிந்துவிடும். அன்றைக்கு விற்பவர் கையில் அச்சாரமாக ரூ.1 லட்சம் மட்டும் கொடுத்தால் போதும்.

அடுத்து, இன்ன தேதி வரை வட்டியுடன் எவ்வளவு கட்டினால் கடன் தீரும் என்று வங்கியிடம் எழுதி வாங்க வேண்டும். அந்த ரூ.6 லட்சத்தை வாங்குபவர் ரொக்கமாகக் கொடுக்காமல், வங்கியின் பெயரில், விற்பவரின் கடன் கணக்கு எண் குறித்து டிமாண்ட் டிராப்டாக எடுத்துப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த டிராப்டை விற்பவரும் மாற்ற முடியாது, பொறுப்பாளரும் மாற்ற முடியாது. அதன் ஆயுள் 3 மாதம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

குறித்த நாளில் மூவரும் சேர்ந்து வங்கிக்குப் போக வேண்டும். டிராப்ட் கணக்கில் கட்டப்படும். வங்கி கொடுக்கும் மூலப் பத்திரங்கள் விற்பவர் கைக்கு வந்து, பட்டியலோடு பொறுப்பாளர் கைக்குப் போகும். சில வங்கிகளில் பத்திரம் அன்றைக்கே கிடைக்காது. அப்படியானால் கிடைக்கும் நாளில் மூவரும் மறுபடி போக வேண்டும். அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் பதிவு செய்து, புதிதாக வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, பாக்கி ரூ.17 லட்சத்துக்கு விற்பவர் பெயரில் டிராப்ட் எடுத்துக்கொண்டு வாங்குபவர் சார்பதிவாளர் அலுவலகம் வர வேண்டும். கிரயப் பத்திரம் அன்றைக்கே கையெழுத்தாகி, அன்றைக்கே பதிவாக வேண்டும். பதிவு முடிந்ததும் டிராப்ட் விற்பவருக்கு, மூலப் பத்திரங்கள் வாங்கியவருக்கு. பொறுப்பாளர் வேலை அத்துடன் தீர்ந்தது.

யாரைப் பொறுப்பாளராக வைக்கலாம்?

கமிஷன் வாங்கும் தரகர் கூடாது. கிரயம் முடிந்தால்தான் அவருக்கு வருமானம். விற்பவரின் மைத்துனரும் கூடாது, வாங்குபவரின் வக்கீலும் கூடாது. ஒருவர் சொல்வதை மட்டும் கேட்டு நடப்பவர் அந்த ஒருவரின் ஆளே தவிர, பொது மனிதர் ஆக மாட்டார். இரு தரப்புக்கும் வேண்டியவரும், தொழிலில் பெயருள்ளவருமான ஒரு வக்கீல் பொருத்தமானவர். தொகை பெரிதாக இருந்தால் வங்கியில் எஸ்க்ரோ கணக்குத் திறக்க முடியுமா என்று மேலாளரிடம் விசாரிக்கலாம்; அதற்கு வங்கி கட்டணம் வாங்கும்.

வேறொரு எளிய வழியும் உண்டு. வாங்குபவர், விற்பவர் இருவர் பெயரிலும் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கி, இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் இறந்துவிட்டாலோ, முரண்டு பிடித்தாலோ பணம் முடங்கிப் போகும்.

பொறுப்பாளர் பணத்தைச் சுருட்டினால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். தண்டனை உண்டு, ஆனால் தண்டனையால் பணம் வீட்டுக்கு வந்துவிடாது. ஆகவே ரொக்கம் வேண்டாம், டிராப்டே போதும் என்பதை மறக்கலாகாது.

எழுத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

1. ஒப்படைக்கும் பத்திரங்களின் எண், வருஷம், பதிவான அலுவலகம். டிராப்டின் எண், தேதி, தொகை.

2. எது நடந்தால் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது. “திருப்தி ஏற்பட்டால்” என்று எழுதினால் வம்பு. “கடன் தீர்ந்த ரசீது பதிவான பிறகு”, “கிரயப் பத்திரம் பதிவு எண் பெற்ற பிறகு” என்று காகிதத்தில் காட்டக்கூடிய விஷயமாக எழுத வேண்டும்.

3. கெடு தேதி. கெடுவுக்குள் முடியாவிட்டால் எது யாருக்குத் திரும்ப வேண்டும், எத்தனை நாளுக்குள் என்பது. வங்கிக்குக் கட்டிய தொகையை விற்பவர் எப்படித் திருப்பித் தருவார் என்பதும் இதில் அடங்கும்.

4. தகராறு வந்தால், இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுக்கும் வரை, அல்லது கோர்ட்டு உத்தரவு வரும் வரை, பொறுப்பாளர் ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்ற ஷரத்து.

5. பொறுப்பாளர் இறந்தாலோ, விலகினாலோ அடுத்தவர் யார் என்பது. அவருக்கான கூலியை யார் கொடுப்பது என்பது.

மூன்று பிரதிகள் எழுதி மூவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பங்காளி, சகோதரி உரிமை

பொறுப்பாளரிடம் பத்திரம் பத்திரமாக இருக்கலாம். அந்தப் பத்திரமே கோளாறாக இருந்தால் அவர் என்ன செய்வார்? போலிப் பத்திரத்தையும் எல்லைத் தகராறையும் எஸ்க்ரோ தீர்க்காது. பட்டா, சிட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பது வாங்குபவர் வேலை.

முக்கியமாக, பூர்வீக நிலத்தில் பங்குதாரர்களைக் கவனிக்க வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தப்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கல்யாணமாகி வெளியூர் போன சகோதரியை விட்டுவிட்டு அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டால் வழக்கு பின்னால் வரும். “சகோதரிகளும் கிரயத்தில் கையெழுத்திட வேண்டும்” என்பதையே பணம் கை மாறுவதற்கான நிபந்தனையாக எழுதிவிட்டால், விற்பவர் அதை முதலிலேயே பேசி முடிப்பார்.

சட்டமும் கோர்ட்டும் பூட்டும் பணம்

சில இடங்களில் சட்டமே பணத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற வேண்டிய மனைப்பிரிவுத் திட்டங்களில் மனை வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தின் நிலம், வேலைச் செலவுக்கே அதை எடுக்கலாம். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. டவுனில் பிள்ளைகளுக்கு மனை வாங்கும் விவசாயிகள் இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடமானம் வாங்கியவர் கெடு முடிந்த பிறகும் பணத்தைப் பெற்றுக்கொள்ளாமல் நிலத்தைப் பிடித்து வைத்திருந்தால், பாக்கித் தொகையைக் கோர்ட்டில் கட்டச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இடம் தருகிறது. அங்கே கோர்ட்டே பொது மனிதர். அடமானம் பெற்றவர் பத்திரங்களைக் கோர்ட்டில் ஒப்படைத்துத்தான் பணத்தை எடுக்க முடியும்.

கிரய ஒப்பந்தத்தை எதிராளி மீறினால், அதை நிறைவேற்றக் கோரி வழக்குப் போடக் காலக்கெடு 3 வருஷம். ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து கணக்கு. “இன்றைக்கு முடித்துத் தருகிறேன், நாளைக்கு முடித்துத் தருகிறேன்” என்ற பேச்சை நம்பி அந்த 3 வருஷத்தை ஓட்டிவிடக் கூடாது.

பொறுப்பாளரை வைப்பது எதிராளியைச் சந்தேகிப்பதாகும் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சத்துக்கு இடமில்லை. பணம் போகுமோ என்ற பயம் வாங்குபவருக்கு இருப்பது போலவே, நிலம் போகுமோ என்ற பயம் விற்பவருக்கும் இருக்கிறது. அச்சாரம் கொடுக்கும் முன் ஒரு நாள் வக்கீலிடம் உட்கார்ந்து, எது யார் கையில், எந்த நாள் வரை என்று எழுதிக்கொண்டால் இருவர் பயமும் தீரும். பதிவு முடிந்த பிறகும் உறவு கெடாது.